வீட்டு வாசலில் விற்ற கதையும் 'வேண்டாம்' என்ற சொல்லும்



இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கடைசிப் பத்திக்கு மட்டும் தாவ வேண்டாம். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதியவர்களுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகிறதாம். வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். தரை துடைக்கும் திரவம், டப்பா, தோசைக்கல் எல்லாம் கேட்லாகில் இருக்கிறது. "டீச்சர், நம்ம பழைய மாணவர் குரூப்ல என் கேட்லாகைப் போட்டுக்கட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எல்லாரும் வாங்குவாங்க" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வேலையை நானும் 14 மாதம் செய்திருக்கிறேன். உங்களில் பலருக்கு அது தெரியாது. என்னிடம் வாங்கிய உறவுகளுக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கதையிலிருந்து தொடங்குகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் சிறுமியாக இருந்தபோது கடை எங்கள் வாசலுக்கே வரும். வளையல்காரர், சைக்கிள் கேரியரில் புடவை மூட்டை கட்டி வருபவர், பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர், ஈயம் பூசுபவர், அம்மி கொத்துபவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். அம்மா பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பாள், பேரம் பேசுவாள், கடைசியில் "வேண்டாம்ப்பா, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த வாரம் அதே சிரிப்போடு வந்து நிற்பார். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அன்றைக்கு விலை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

ஜப்பானில் தோயாமா என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் மருந்து வியாபாரிகள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு முறையைப் பின்பற்றினார்கள். வீட்டில் ஒரு மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அப்போது காசு வாங்க மாட்டார்கள். அடுத்த முறை வரும்போது பெட்டியைத் திறந்து, எது தீர்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, மீதியைப் புதுப்பித்து வைப்பார்கள். வீட்டுக்காரர் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பெட்டியில் தொடாமல் கிடக்கும் மருந்தே அதைச் சொல்லிவிடும்.

இனி கேட்லாக் கதைக்கு வருகிறேன். 2016-ல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குப் போயிருந்தேன். பேரன் பிறந்த சமயம். ஒரு நாள் காலையில் கதவருகே பிளாஸ்டிக் உறையில் ஒரு புத்தகம் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் துடைப்பம், பிரஷ், காய்கறி வெட்டும் கருவி, ஜன்னல் துடைக்கும் கட்டை என்று படங்கள். கூடவே ஒரு சீட்டு: தேவையானதைக் குறித்து, இன்ன தேதியில் வாசலுக்கு வெளியே வையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. அந்தத் தேதியில் நல்ல மழை. என் வயதுக்கும் மேற்பட்ட ஒரு மனிதர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாகக் குனிந்து புத்தகங்களைச் சேகரித்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகள், "என்னம்மா அப்படிப் பாக்கற?" என்றாள். "ஒண்ணுமில்லைடி, பழைய ஞாபகம்" என்றேன். அன்றைக்குத்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வேர் அமெரிக்காவில் இருக்கிறது. ஆல்ஃபிரட் ஃபுல்லர் என்பவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த விவசாயி மகன். பிழைக்க அமெரிக்கா வந்து, சேர்ந்த வேலைகளில் நிலைக்காமல் போனவர். 1906-ல், 21 வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில்லில் அக்கா வீட்டின் நிலவறையில் சின்ன இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு இரவில் பிரஷ் செய்தார். பகலில் வீடு வீடாகப் போய் விற்றார். அவர் பொருளைப் புகழ்ந்து பேசவில்லை. அடுப்படியில் எது சரியாகச் சுத்தமாகவில்லை என்று இல்லத்தரசிகளிடம் கேட்டார். அவர்கள் சொன்ன மூலைக்கும் பாட்டிலுக்கும் ஏற்ற மாதிரி பிரஷ் செய்துகொண்டு மறுபடி போனார். பின்னாளில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஃபுல்லர் பிரஷ்காரர் அமெரிக்கத் தெருக்களில் எவ்வளவு பழகிய உருவம் என்றால், 1948-ல் அந்தப் பெயரிலேயே ஒரு நகைச்சுவைத் திரைப்படம் வந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிரஷ்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அவர்கள் தனி வியாபாரிகள். விற்றால் காசு, விற்காவிட்டால் கால்வலி மட்டும்தான். இரண்டு, கதவைத் திறந்ததும் சின்ன பிரஷ் ஒன்றை இலவசமாகக் கொடுப்பார்கள். அதைப் பெட்டியிலிருந்து எடுக்க உள்ளே வர வேண்டும். ஒரு பொருளைச் சும்மா வாங்கிக்கொண்ட பிறகு முகத்தில் அடித்தாற்போல் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அம்மா இலவசமாகச் சொன்ன சொல்லுக்கு இங்கேதான் முதல் முறையாக ஒரு விலை ஒட்டப்பட்டது.

எல்லா ஊரும் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்று ஒரு சின்ன ரயில்வே ஊர். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் ரயில்வேத் தொழிலாளர்கள் அங்கே நிறைய. மணிக்கொரு தரம் யாராவது கதவைத் தட்டினால் அவர்கள் எப்போது தூங்குவது? 1931-ல் அந்த ஊர் ஒரு சட்டம் போட்டது. வீட்டுக்காரர் கேட்டுக்கொள்ளாமல் விற்பனைக்காரர் யாரும் கதவைத் தட்டக் கூடாது. ஃபுல்லர் நிறுவனம் வழக்கு போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1933-ல் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு அமெரிக்காவில் பல ஊர்கள் அதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தன. இன்றும் அவற்றுக்கு 'கிரீன் ரிவர் சட்டம்' என்றுதான் பெயர். தூக்கம் கெட்ட தொழிலாளிகளுக்காக ஒரு ஊரே சேர்ந்து சொன்ன 'வேண்டாம்' அது.

இந்தப் பிரஷ் மரத்தின் ஒரு கிளை பிரிஸ்டலுக்குப் போனது. ஹாரி குரூக் என்பவர் அமெரிக்கா போய் ஃபுல்லரிடம் விற்பனையாளராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1923-ல் க்ளீனீஸ் என்ற பிரஷ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1928-ல் லண்டனில் பெட்டர்வேர் வந்தது. முதலில் பெட்டி தூக்கி விற்றார்கள். காலம் போகப்போகப் பெட்டியின் இடத்துக்குக் கேட்லாக் வந்தது. நான் பிரிஸ்டலில் பார்த்தது அதன் கடைசிக் காலம்.

வேலை இப்படி. முகவர் தன் காசில் கேட்லாக் வாங்குவார். தெருவில் வீட்டுக்கு ஒன்றாகப் போடுவார். இரண்டு மூன்று நாள் கழித்து வந்து திரும்ப எடுப்பார். சில புத்தகங்கள் காணாமல் போயிருக்கும், சில நனைந்திருக்கும், பலவற்றில் ஒன்றுமே குறித்திருக்காது. குறித்திருந்தவற்றைத் தொகுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, பொருள் வந்ததும் பிரித்து வீடு வீடாகக் கொடுத்துப் பணம் வாங்குவார். ஒரே தெருவில் மூன்று நடை. வாங்குபவருக்கு இதில் சங்கடமே இல்லை. வேண்டாம் என்றால் புத்தகத்தை வெறுமனே வெளியே வைத்தால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தோயாமாப் பெட்டி மாதிரிதான். பாரமெல்லாம் நடப்பவர் காலில். ஓய்வு பெற்றவர்களும் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களும் அந்தப் பாரத்தைச் சுமந்து கொஞ்சம் கைக்காசு பார்த்தார்கள். அது கௌரவமான காசு. 2018 ஏப்ரலில் க்ளீனீஸ், பெட்டர்வேர் இரண்டும் திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டன. அந்த மழைக்கோட்டுக்காரர் அப்புறம் என்ன செய்தாரோ, தெரியாது.

இன்னொரு கிளைதான் நம் கதைக்கு முக்கியமானது. ஃபுல்லர் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ஸ்டான்லி பெவரிட்ஜ், 1931-ல் ஸ்டான்லி ஹோம் ப்ராடக்ட்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். வீடு வீடாக ஏறி இறங்குவதற்குப் பதில், ஒரு வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி, காபி கொடுத்து, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் செய்து காட்டி விற்கும் முறை அங்கேதான் வளர்ந்தது. இப்படி விற்கக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் பிரவுனி வைஸ். விவாகரத்தானவர். ஒரு மகனைத் தனியாக வளர்த்தவர்.

அதே காலத்தில் ஏர்ல் டப்பர் என்பவர், டூபான்ட் நிறுவனத்தின் பாலிஎத்திலீன் கழிவிலிருந்து காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாக்கள் செய்தார். 1946-ல் கடைக்கு வந்த டப்பர்வேர் அலமாரியில் அப்படியே இருந்தது. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி கையில் வைத்துச் செய்து காட்டினால்தான் புரியும். பிரவுனி வைஸ் வீட்டுக் கூட்டங்களில் அதைத்தான் செய்தார். விற்பனையைப் பார்த்து அசந்துபோன டப்பர் 1951-ல் அவரைத் துணைத் தலைவராக்கினார். டப்பாக்களைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டு வீட்டுக் கூட்டங்களில் மட்டும் விற்றார்கள். 1954-ல் அமெரிக்காவின் பிசினஸ் வீக் பத்திரிகை அட்டையில் பிரவுனி வைஸ் படம் வந்தது. அந்த அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான்.

வேலைக்குப் போகும் பெண்ணை ஊர் ஒரு மாதிரிப் பார்த்த காலம். வீட்டை விட்டு அதிக தூரம் போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, தன் பெயரில் காசு பார்க்க ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது வழி திறந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவையும் சொல்ல வேண்டும். 1958 ஜனவரியில் டப்பர் அவரை வெளியே அனுப்பினார். நிறுவனத்தின் முகமாக இருந்தவர் பெயரில் ஒரு பங்கு கூட இல்லை. ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளத்தோடு அவர் கதை முடிந்தது. அதே ஆண்டு டப்பர் நிறுவனத்தை விற்றுவிட்டார். அத்தனை பேரை இழுத்து வந்த பெண்ணின் கதியே அது என்றால், அடியில் இருப்பவர்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

இந்த முறையில் 'வேண்டாம்' என்ற சொல் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். பிரஷ்காரர் வெளியாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ உன் பக்கத்து வீட்டுக்காரி. காபியும் முறுக்கும் கொடுத்தவள் உன் தோழி. எல்லோரும் ஏதோ ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நீ மட்டும் வாங்காமல் எழுந்து போக முடியுமா? விற்பது என்னவோ டப்பாதான். ஆனால் விற்க வைப்பது உறவு.

நம் நாட்டில் 1982-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியது. வேகும் வெயிலில் டை கட்டிய பையன்கள் வாக்யூம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு நகரத்து வீடுகளுக்குப் போனார்கள். மெத்தையில் ஓட்டிக் காட்டி, வந்த தூசியைக் கொட்டிக் காட்டினால் வீட்டுக்காரிக்கு வெட்கமாகிவிடும். அவர்களும் வெளியாட்கள்தான். 1990-களில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வெளிநாட்டு நேரடி விற்பனை நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஓரிஃப்ளேம் 1995-ல், டப்பர்வேர் 1996-ல், ஆம்வே 1998-ல். உள்நாட்டுக் கம்பெனிகளும் பின்னாலேயே முளைத்தன. அப்போதுதான் நான் இதற்குள் வந்தேன்.

1982-ல் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, 2000-ல்தான் அரசு வேலை கிடைத்தது. இடையில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தேன். 1998-ல் சம்பளம் 750 ரூபாய். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். தெரிந்த ஒரு அம்மா ஒரு கேட்லாகைக் கொண்டுவந்து காட்டினார். அந்த நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். "டீச்சர் சொன்னா எல்லாரும் வாங்குவாங்க" என்றார். என் மாணவி போன வாரம் போனில் சொன்னதும் அதே வார்த்தைதான். அதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கி வாரிப்போட்டது.

1,850 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியமும் ஞாயிறும் கேட்லாக் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். தாராசுரம், சுவாமிமலை, திருவிடைமருதூர் என்று டவுன் பஸ்ஸில் உறவுக்காரர் வீடு வீடாகப் போனேன். பித்தளைக்கும் பாத்திரத்துக்கும் பேர் போன கும்பகோணத்தில் பிளாஸ்டிக் டப்பாவின் பெருமையைப் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நன்மையை மறைக்க மாட்டேன். அதுவரை நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கை நடுங்கும். அந்தக் கூச்சம் போனது இந்த வேலையில்தான். பின்னாளில் தலைமையாசிரியையாக நான் பெற்றோர் கூட்டத்தில் தைரியமாக நின்று பேசியதற்கு அந்த நடை ஒரு காரணம்.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 14 மாதத்தில் விற்பனையில் எனக்குக் கிடைத்த பங்கு 10,600 ரூபாய். இதில் சேர்வதற்குக் கட்டியது 1,850. பஸ் சார்ஜ் 1,150. கூட்டங்களுக்கும், பேச்சுக் கேசட்டுகளுக்கும் 1,300. மாத இலக்கு குறைந்தபோது நிலை இறங்கிவிடக் கூடாது என்று நானே என் பெயரில் வாங்கிய பொருள் 5,600. கழித்துப் பாருங்கள். மிச்சம் 700 ரூபாய். மாதம் 50 ரூபாய். நானே வாங்கியதில் பாதி வீட்டில் உபயோகமானது, உண்மை. ஆனால் அந்தத் திரவமும் பற்பசையும் இல்லாமலும் நாங்கள் அதற்கு முன் சுத்தமாகத்தான் இருந்தோம். இரண்டு பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறு டியூஷன் எடுத்திருந்தால் அதைவிட அதிகம் வந்திருக்கும்.

நோட்டில் எழுதாத கணக்கு வேறு. அதற்குத்தான் இந்தப் பதிவு.

என் அண்ணி மாதம் தவறாமல் என்னிடம் வாங்குவார். ஒரு தடவை கூட விலை கேட்டதில்லை. நல்ல வாடிக்கையாளர் என்று சந்தோஷப்பட்டேன். 2014-ல் அண்ணன் வீட்டைக் காலி செய்தபோது பரணைச் சுத்தம் செய்ய நான் போயிருந்தேன். மூலையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே நான் விற்ற டப்பாக்கள், பாட்டில்கள். பிரிக்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் நான் பேனாவால் எழுதிய விலை. திரவம் கட்டிதட்டிக் கிடந்தது. அண்ணியைப் பார்த்தேன். "நீ அந்த வெயில்ல பையத் தூக்கிட்டு வருவ. உங்க அண்ணனுக்கும் அப்ப கை இறுக்கம்தான். ஆனா உங்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். நான் அந்தப் பையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த 10,600 ரூபாயில் எத்தனை ரூபாய் இப்படி வந்ததோ.

இன்னொன்று இதைவிடக் கனமானது. ஆட்களைச் சேர்த்தால்தான் மேலே போகலாம் என்றார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரைச் சேர்த்தேன். அவர் "வேண்டாம் அக்கா, எனக்குப் பேச வராது" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை என் சொல்லுக்காகச் சரி என்றார். தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு விற்க வரவில்லை. பொருள் தேங்கியது. திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்டோம், நிறுவனம் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. தோடு மூழ்கிப்போனது. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அவர் மகள் என் மாணவி. இந்தப் பதிவு அவள் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் காட்டும்மா. அன்றைக்கே நான் தோட்டை மீட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது என்னிடம் பணம் இல்லை. பணம் வந்த பிறகு முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

1999-ல் நிறுத்திவிட்டேன். அடுத்த ஆண்டு அரசுப் பணியில் சேர்ந்தேன். அரசு ஊழியருக்கான நடத்தை விதிகள் இப்படிப் பக்க வியாபாரம் செய்ய இடம் தருவதில்லை. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். மனைவி பெயரில், கணவர் பெயரில் என்று சுற்றிப் போவதும் நல்லதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் சேர்ப்பதிலேயே பணம் சுழலும் திட்டங்களை நம் நாட்டில் 1978-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கென்று விதிகள் வந்தன. பிரமிடு திட்டங்களுக்குத் தடை. விற்பவர் அடையாள அட்டை இல்லாமல், முன் அனுமதி பெறாமல் வீட்டுக்கு வரக் கூடாது. படித்தபோது எனக்கு கிரீன் ரிவர் ஊர்தான் ஞாபகம் வந்தது. 1931-ல் அந்த ரயில்வேத் தொழிலாளர்கள் கேட்டது 90 வருடம் கழித்து நம் வாசலுக்கு வந்திருக்கிறது. ஆனால் சட்டம் வாசலை மட்டும்தான் காக்க முடியும். அண்ணியின் மனதை எந்த விதி காக்கும்? இப்போது வாசல் கூட வேண்டாம். 2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ மாதிரி செயலிகள் வந்த பிறகு கேட்லாக் வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகிறது. குடும்பக் குரூப்பில் அத்தை ஒரு படம் போட்டால் நாற்பது பேர் பார்க்கிறார்கள். யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. காபி கொடுக்காத வீட்டுக் கூட்டம் அது.

இப்போது என் மாணவிக்குப் பதில்.

கண்ணு, உழைத்துச் சம்பாதிக்க நினைக்கிறாய். அதில் எனக்குப் பெருமைதான். வீடு வீடாக விற்பது இழிவான வேலை இல்லை. ஃபுல்லர் அப்படித்தான் தொடங்கினார், நம் வளையல்காரர் அப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஒரு நோட்டுப் போடு. வரவை எழுதுவது போல பஸ் சார்ஜ், மொபைல் ரீசார்ஜ், நீயே வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும் எழுது. மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார். சேர்வதற்குப் பணம் கேட்டார்களா, விற்காத பொருளைத் திரும்ப எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கு. ஆள் சேர்த்தால்தான் பணம் என்றால் அன்றைக்கே வெளியே வா. கூடுமானவரை உன்னைத் தெரியாதவர்களிடம் விற்றுப் பார். தெரியாதவர் வாங்கினால் பொருள் நல்ல பொருள். தெரிந்தவர்கள் மட்டுமே வாங்கினால் அவர்கள் வாங்குவது உன்னை.

பழைய மாணவர் குரூப்பில் போட வேண்டாம். நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களில் பலருக்கு என்னிடம் 'வேண்டாம் டீச்சர்' என்று சொல்ல வராது. அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறேன், அது என் தப்பு. கேட்லாகை எனக்கு மட்டும் அனுப்பு. எனக்கு நல்ல தோசைக்கல் ஒன்று தேவைப்படுகிறது. விலை சரியாக இருந்தால் வாங்குவேன். இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்வேன். நீ வருத்தப்படக் கூடாது, அடுத்த மாதமும் எனக்குப் போன் செய்ய வேண்டும்.

உறவுகளே, 1998-ல் என் பைக்காகக் கதவைத் திறந்தவர்களே, உங்கள் பரணில் ஏதாவது மஞ்சள் பை இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து எடுத்துக்கொண்டு, விலையைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்